ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து எண்ணிவிட்டேன்

திருப்பதி,
திங்கட்கிழமை.

அன்பு மகள் யாமினிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிற அளவுக்கு நலமாக இருக்கிறோம், நீ அந்த டப்ளின் குளிரில் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே நலமாக இருக்க வேண்டும் என்று காணிப்பாக்கம் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் எதிரில் சொல்ல முடியாதவை சில இருக்கின்றன, அதில் ஒன்று அவள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் என் வாயிலிருந்து உன்னிடம் வராது. அதனால்தான் நோட்டை எடுத்தேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.

உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கரண்ட் வைக்கும் அறைக்கு வெளியே. ரேடியேஷனை நம் பக்கம் எல்லோரும் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. உள்ளே அவளைப் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, மார்பில் போட்டிருக்கும் மைக்கோடுகளுக்கு நேராக மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். கதவு சாத்திக்கொள்ளும், விளக்கு எரியும், உள்ளே அவள் ஒருத்திதான். நீ பிறந்தபோதுகூட அவள் கத்தியது வெளியே எனக்குக் கேட்டது. இங்கே ஒரு சத்தமும் வராது. கட்டி இடது பக்கம் என்பதால் அடியிலேயே இருதயம் இருக்கிறதாம், மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் அது கொஞ்சம் விலகிக்கொள்ளும், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வைக்கிறார்கள். வெளியே கம்ப்யூட்டர் முன்னால் அக்ஷயா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், மைக்கில் "ஊபிரி பட்டண்டி அம்மா" என்று சொல்வாள். அது காதில் விழுந்ததும் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். "வதலண்டி" என்றதும் விடுகிறேன். என்னை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை, தானாக வருகிறது. இத்தனை நாளில் அவளுக்காக நான் செய்திருக்கும் வேலை இது ஒன்றுதான், அதனாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டால் அவள் நன்றாக இருக்கிறேன் என்பாள். அந்த இடம் கறுத்துப் போயிருக்கிறது, அக்குளில் கொஞ்சம் எரிகிறது என்கிறாள், மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் எடுத்த ரூம் பரவாயில்லை, தண்ணீர் வருகிறது. ஊரில் செவலை மாடு போன வாரம் கன்று போட்டது, கிடாரி. பக்கத்து வீட்டு மணியம்மாதான் பார்த்துக்கொள்கிறாள், பால் கறந்து ஊற்றுவது முதற்கொண்டு எல்லாம் அவள்தான். தோத்தாபுரி மாமரம் இந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது, நான் பார்த்துத்தான் மூன்று வாரம் ஆகிறது. உன் சித்தி ரூபா வெள்ளிக்கிழமை வந்து புளிசாதம் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் என்னைக் கேட்டாய், மணியம்மாவுக்கு இருபத்தைந்து தடவை கரண்ட் வைத்தார்களே, அம்மாவுக்கு ஏன் இருபதோடு நிறுத்துகிறார்கள் என்று. நான் டாக்டர் சொல்கிறபடி என்று மழுப்பினேன். நீ விடவில்லை, "நைனா, நீதான் கொறைக்கச் சொன்னியா?" என்று கேட்டாய். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது யாமினி. நான் குறைக்கச் சொன்னேன். கேட்டது உண்மை. அது நடக்கவில்லை என்பதும் உண்மை, ஆனால் கேட்டவன் கேட்டவன்தானே.

நடந்தது இதுதான். ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும் டாக்டர் பத்மினி எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மாதிரி, பாதி தெலுங்கும் பாதி நம் பேச்சுமாகப் பொறுமையாகச் சொல்வார். முதலில் பதினைந்து தடவை மார்பு முழுவதற்கும், பிறகு கட்டி எடுத்த இடத்துக்கு மட்டும் தனியாக ஐந்து தடவை, ஆக இருபது என்று எழுதினார். நானும் உன்னைப் போலத்தான் மணியம்மாவின் இருபத்தைந்தைக் கேட்டேன். குறைத்து எழுதினால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே நமக்குத் தோன்றும். அவர் அப்படி இல்லை என்றார். முன்பெல்லாம் எல்லோருக்கும் இருபத்தைந்துதான், சின்னச் சின்னப் பங்காக. பிறகு ஆயிரக்கணக்கான பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து, இன்னொரு பக்கத்துக்கு ஒவ்வொரு தடவையும் சற்றுக் கூட்டிப் பதினைந்து என்று கொடுத்து, பத்து வருஷம் விடாமல் பார்த்தார்களாம். நோய் திரும்பி வருவதில் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது, தோல் கெடுவது பதினைந்தில் கொஞ்சம் குறைவாகவே இருந்ததாம். நம் மாமரத்துக்கு மருந்து அடிப்பதை வைத்து யோசித்தேன், எத்தனை தடவை அடித்தோம் என்பது மட்டும் கணக்கில்லை, ஒரு தடவைக்கு எவ்வளவு கலக்கினோம் என்பதும் இருக்கிறதே. அது எனக்குப் புரிந்தது. மணியம்மாவுக்கு மார்பையே எடுத்துவிட்டார்கள், அக்குள் நெறியிலும் பரவியிருந்தது, அதுவும் ஆறு வருஷத்துக்கு முந்தி, அதனால் அவளுக்கு அது. உன் அம்மாவுக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள், நெறியில் இல்லை, அதனால் இது. அந்தக் கூடுதல் ஐந்து எதற்கென்றால், அவளுக்கு வயது நாற்பத்தேழு, ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதே இடத்தில் திரும்பி வருவது கொஞ்சம் அதிகமாம், அந்த இடத்தை இன்னும் ஒரு பங்கு காப்பாற்றத்தான் அது.

இவ்வளவும் கேட்டுப் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு வந்தவன்தான் நான். இரண்டாம் வாரத்தில் எதிர் பெஞ்சில் பலமனேர் கங்கையா என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார், தக்காளி போடுகிறவர். அவர் மனைவிக்கு அறுபத்தைந்து வயது, சின்னக் கட்டி, அந்த அம்மாவுக்கு மொத்தமே ஐந்து நாள். திங்களன்று வந்தார்கள், வெள்ளியன்று என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மத்தியானம் உன் அம்மா தூங்கும் நேரம் பார்த்து டாக்டர் பத்மினியிடம் தனியாகப் போய், எங்களுக்கும் மிச்சத்தைச் சுருக்கிச் சட்டென்று முடித்துக் கொடுங்கள், கூடுதல் ஐந்தை விட்டாலும் பரவாயில்லை என்று கேட்டேன். ஏன் என்றார். ஊரில் கங்கையம்மன் ஜாத்திரைக்குக் காப்பு கட்டுகிறார்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மீ ஊரு ஜாத்தர கோசம் இதி ஆகதண்டி" என்றார், உங்கள் ஊர்த் திருவிழாவுக்காக இது நிற்காது என்று. நடுவில் நாள் விட்டால் கொடுத்ததன் பலன் குறையும், அந்த அம்மாவுக்கும் உங்கள் மனைவிக்கும் வயது வேறு, கட்டி வேறு, என் சொந்த அக்காவாக இருந்தாலும் இதைத்தான் எழுதுவேன் என்றார். எழுந்து வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை.

காப்பு விஷயம் உனக்குத் தெரியாதது இல்லை. சாயங்காலம் கையில் கட்டிவிட்டால் ஜாத்திரை முடியும்வரை எட்டு நாளைக்கு யாரும் எல்லை தாண்டி வெளியே தங்கக்கூடாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே வந்து தங்கவும் கூடாது. முதல் மஞ்சள் தண்ணீர்க் குடம் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து உன் அம்மா தலையில்தான் ஏறுகிறது. ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது, உயிரோடு வந்தால் இந்த வருஷமும் குடம் எடுக்கிறேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். ஊரிலும் அவள் வரட்டும் என்றுதான் காத்திருந்தார்கள். நாட்டாண்மை நாகபூஷணம் என்னைக் கூப்பிட்டு, சம்பத், சுலோசனாவுக்கு எத்தனை நாள் என்று கேட்டார். இருபது என்றேன். என்றைக்கு ஆரம்பம் என்றார், சொன்னேன். விரல் விட்டு எண்ணினோம், நானும் அவரும் இன்னும் நாலு பேரும். இருபதாம் நாள் சனிக்கிழமை வந்தது. அதற்கடுத்த செவ்வாய் காப்பு என்று அன்றைக்கே பறையடித்துச் சொல்லியாயிற்று, சொன்ன பிறகு நாளை மாற்றுவது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து எண்ணிவிட்டேன் யாமினி. ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. மாடு சினை பிடித்தால் எண்ணுகிறோம், விதை போட்டால் எண்ணுகிறோம், காப்புக்கு எண்ணுகிறோம், விரதத்துக்கு எண்ணுகிறோம், எதிலாவது ஞாயிறு என்று ஒரு நாளை விட்டு எண்ணியிருக்கிறோமா. இங்கே சனி ஞாயிறு மெஷினுக்கு லீவு, நடுவில் ஒரு வியாழக்கிழமை ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இன்று வைப்பது பதினைந்தாவது. நாளைக்குச் செவ்வாய், ஊரில் காப்பு, இங்கே அந்தக் கூடுதல் ஐந்தில் முதலாவது. என் கணக்கை நம்பி ஊரே நாள் குறித்துவிட்டது, அதனால் உன் அம்மா அம்மனிடம் சொன்னதை மீற முடியாமல் நிற்கிறாள். பதினைந்துதான் பெரிய கணக்கு, அது இன்றைக்கு முடிந்துவிடுகிறது, ஐந்து என்பது மேலே போடும் கொசுறுதானே என்கிறாள். கொசுறு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நானே டாக்டரிடம் போய் அந்தக் கொசுறை விட்டுவிடச் சொல்லிக் கேட்டவன், எந்த வாயால் அவளுக்குச் சொல்வது. நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போகிறேன் என்று பையை மடித்து வைத்துவிட்டாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். விளக்கு அணைந்துவிட்டது, வருகிறாள், பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை.

நேற்றுச் சாயங்காலம் சொல்லிவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தோம், நான் டாக்டரிடம் போய்க் குறைக்கச் சொல்லிக் கேட்டதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "எனக்காவக் கேட்டியா, ஊருக்காவக் கேட்டியா?" என்றாள். யாருக்காகக் கேட்டேன் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. பறையடித்துச் சொன்ன வார்த்தை பொய்யாகிறதே என்ற வெட்கம் இருந்தது, அதை இல்லை என்று உன்னிடம் சொல்லமாட்டேன். அதற்குமேல் இந்த விளக்கு, இந்தக் கதவு, தினமும் அவளை உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பது, இது எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. அதுவும் அவளுக்காக இல்லை, எனக்காகத்தான். நான் இரண்டு டம்ளரையும் கழுவி வைத்தேன். அவள் எழுந்து பையில் இருந்த புடவையை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள்.

காலையில் கண் விழித்தால் ரூமில் அவள் இல்லை, பையும் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். புத்தூர் வழியாக நம் பக்கம் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன், கண்டக்டர் என்ன என்று கேட்டார், என் மனைவி என்று மட்டும் சொன்னேன். அதில் இல்லை. முந்தைய பஸ் போய்விட்டது என்றார்கள். போன் செய்தேன், எடுக்கவில்லை. ஊருக்கே, பாலசமுத்திரத்துக்குப் போவதா இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் அங்கே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரூபாவைக் கூப்பிட்டேன், வந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பு என்றேன், வேறு என்ன செய்வது. பிறகு கால் தானாக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தது.

இங்கே பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. காப்புக்கு என்று வருஷா வருஷம் கட்டும் மஞ்சள் புடவையைக் கட்டியிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள், பஸ் ஸ்டாண்டு வரை போனாளாம், பஸ்ஸில் ஏறிக்கூட உட்கார்ந்தாளாம், வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இறங்கிவிட்டாளாம். ஏன் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"காப்பு கட்டினா ஒடம்புல எண்ணெ வெக்கக்கூடாது, எல்ல தாண்டக்கூடாது, கணக்கு முடியறவரிக்கும் எழுந்து போவக்கூடாது. இந்த அக்ஷயாப் பொண்ணு மார்ல மை போட்ட அன்னிக்கே இத்தயேதான் சொல்லிச்சி. இங்க கட்டிட்டாங்க, இங்கயே முடிச்சிட்டுப் போறேன். அம்மனுக்குத் தெரியாதா?"

குடத்தை இந்த வருஷம் ரூபா எடுக்கட்டும் என்று நாகபூஷணத்துக்குப் போன் செய்து சொல்லியும்விட்டாள். அவர், "நீ ஒடம்பப் பாத்துக்கோமா" என்றாராம். அடுத்த திங்களன்று இருபது முடிகிறது. அன்றைக்கு ஊருக்குள் போக முடியாது, காப்புக்குள் வெளியாள் போய்த் தங்கக்கூடாது, அதனால் எல்லைக்கு வெளியே இருக்கும் நம் மாந்தோப்பு ஷெட்டில் இரண்டு நாள் இருக்கலாம், மேளச்சத்தம் அங்கேவரை கேட்கும் என்கிறாள். அந்தத் தகர ஷெட்டில் இந்த வெயிலில், அந்தத் தோலோடு எப்படி இருப்பது என்று கேட்டேன், மரத்தடியில் இருக்கலாம் என்றாள். நீ சொல்லிப் பார், நான் சொல்லிக் கேட்கமாட்டாள்.

இதோடு நோய் போய்விடுமா என்று டாக்டர் பத்மினியிடம் நேரடியாகவே கேட்டேன். திரும்பி வரும் வாய்ப்பை நன்றாகக் குறைக்க முடியும், இல்லவே இல்லை என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது, ஐந்து வருஷம் மாத்திரை இருக்கிறது, வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுக்க முடியாது என்ற இடத்திலேயே என் மனசு நின்றுவிட்டது. கிணறு வற்றினால் போர் போடுவேன், மாடு படுத்தால் டாக்டரைக் கூட்டி வருவேன், எதற்கும் ஓடி ஒன்று செய்து பழகினவன், இதில் ஓடுவதற்கு ஒரு திசையும் இல்லை. உன்னை வா என்று கூப்பிடவில்லை, வேலையில் சேர்ந்து ஏழு மாதத்தில் லீவு கேட்க முடியாது என்று தெரியும், வந்தாலும் நீயும் இந்தப் பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய்.

நீ நன்றாகச் சாப்பிடு, ராத்திரி ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே, ஒரு பிடி சோறாவது வை. காலுறை ஈரமாக இருந்தால் போட்டுக்கொண்டு போகாதே. உனக்கும் உன் கையால் நடக்கும் எல்லாவற்றுக்கும் கங்கையம்மன் துணை இருக்கட்டும், நீ நூறு வருஷம் குறையில்லாமல் இருக்க வேண்டும். இப்போது அம்மா உள்ளே போயிருக்கிறாள், பதினாறாவது. விளக்கு எரிகிறது, அது அணைவதற்குள் மிச்சத்தை எழுதிவிட வேண்டும்.

முதலில் சொன்னேனே, என் வாயால் வராது என்று, அது இதுதான். டாக்டர் பத்மினி உங்களுக்குப் பெண் இருக்கிறதா, என்ன வயது என்று கேட்டார். இருபத்தைந்து என்றேன். அம்மாவுக்கு ஐம்பதுக்கு முன்னாலேயே வந்திருப்பதால் மகள் அங்கே தன் டாக்டரிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும், எந்த வயதிலிருந்து எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள், தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும், இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்கக்கூடாது என்றார். இதை அம்மா சொல்லட்டும் என்று அவளிடம் சொன்னேன். என்னிடமிருந்து அந்தப் பிள்ளைக்கும் போயிருக்குமா என்று அழுதாள், தினமும் போனில் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விடுகிறாள். அதனால் நான் எழுதுகிறேன். பெற்ற பெண்ணுக்கு இதை எழுதும்படி ஆயிற்று, நீயும் நைனா எழுதியது என்று நினைக்காமல் படித்துவிடு. இந்த வாரமே போய்ச் சொல். என்னிடம் எதையும் விவரிக்க வேண்டாம், போய்ச் சொன்னேன் நைனா என்று ஒரு வரி அனுப்பினால் போதும். அது வரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன் நைனா,
சம்பத்.